இளஞ்சிறார் கல்வியில் அண்மையும் தொலைவும்

கற்போன் ஆசிரியரை விட்டுத் தூரத்தே இருந்தும் கல்வி பெற இயலும் என்பது இன்று நேற்றுக் கண்டறியப்பட்ட உண்மை அன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 ஆம் ஆண்டிலேயே தன் பரீட்சைகளை வெளிவாரி மாணவர்க்குத் திறந்துவிட்டது. அதன் பயனாக, அப்பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கண்ணாற் காணாதவர்களும் நூல்களையும் அஞ்சலில் வந்த குறிப்புகளையும் துணைக்கொண்டு பட்டம் பெறலாயினர். இலங்கையில் நல்லாசிரியர் எனப் பெயர்பெற்றோருட் பலர் பகலிற் கற்பித்து, இரவிற் கற்று, இவ்வழியே தம் கல்வியை நிறைவுசெய்தவர்களாவர். வளர்ந்தோர் கல்விக்குத் தொலைவு ஓர் இடையூறேயாயினும் கடக்க முடியாத இடையூறு அன்று என்பதற்கு இவர்கள் வாழ்வே சான்றாகும்.

வளர்ந்தோருக்கு இயன்ற இம்முறை ஐந்து அல்லது ஆறு வயதுப் பாலகனுக்கும் இயலுமா? இவ்வினா நெடுங்காலம் எவராலும் எழுப்பப்படாமல் இருந்தது. எழுப்பவேண்டிய தேவையும் தோன்றவில்லை. 2020 ஆம் ஆண்டில் அத்தேவை உலகம் முழுவதற்கும் ஒரே வேளையில் வந்துற்றது.

கொரோனாத் தொற்றின் காரணமாக இலங்கையின் பாடசாலைகளை மூடும் அறிவிப்பு 2020 மார்ச்சு மாதம் 12 ஆம் நாள் வெளியாயிற்று. அவ்வாண்டு தரம் ஒன்றிற் புகுந்த பிள்ளைகள் அப்பொழுது பாடசாலைக்கு வந்து ஏறத்தாழ இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. நடுவாண்டிற் படிப்படியாகத் திறக்கப்பட்ட பாடசாலைகள் ஒக்டோபரில் மீண்டும் மூடப்பட்டன. 2021 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பல இடங்களில் திறக்கப்பட்டு, ஏப்பிரல் இறுதியில் மறுபடியும் அடைபட்டன. மாணவர் தொகை இருநூறுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகள் திறக்கப்பட்ட பொழுது அவ்வாண்டு ஒக்டோபர் 21 ஆம் நாள் ஆகிவிட்டது. பின்னர் 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தின்போதும் பாடசாலைகள் சில வாரங்கள் மூடப்பட்டன. இக்காலங்களிலெல்லாம் கைத்தொலைபேசியும் கணினியும் வகுப்பறையின் இடத்தை ஏற்கும்படி விடப்பட்டன. உயர்வகுப்பு மாணவர் ஒருவாறு ஈடுகொடுத்தனர். ஆனால், ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் பெரிதும் இடர்ப்பட்டனர். அவ்விடர்ப்பாட்டின் காரணம் யாது என ஆராய்வது பயனுடைத்து. ஏனெனில் அதன் விளைவு இன்னும் தீர்ந்துவிடவில்லை.

சிறுவர்க்குத் தொலைவிலிருந்து கற்பிக்கும் முயற்சிகள் முன்னரும் நிகழ்ந்தன. நியூசிலாந்து நாட்டில் ஒதுக்கிடங்களில் வாழ்ந்த பிள்ளைகளுக்காக 1922 ஆம் ஆண்டில் அஞ்சல்வழிப் பாடசாலையொன்று தொடங்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் சிக்காக்கோ நகரில் 1937 ஆம் ஆண்டு இளம்பிள்ளைவாத நோய் பரவியபோது, பாடசாலைகளைத் திறக்க இயலாமையால், பாடங்கள் வானொலியில் ஒலிபரப்பப்பட்டன. அவற்றின் நேர அட்டவணையையும் வினாக்களையும் செய்தித்தாள்கள் வெளியிட்டன. அவ்வானொலிப் பாடங்கள் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளோர்க்கே வகுக்கப்பட்டன என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அவற்றிலும் இளைய வகுப்பினரை வானொலிக்கு முன் அமர்த்துவதாற் பயன் விளையும் என அந்நகரத்துக் கல்வியதிகாரிகள் கருதவில்லை போலும்.

இம்முயற்சிகளுட் பெரும்புகழ் பெற்றது அவுத்திரேலியாவின் வான்வழிப் பாடசாலை. அந்நாட்டின் நடுப்பகுதியிலே, ஒரு வீட்டிற்கும் மறுவீட்டிற்கும் இடையில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரமுள்ள மேய்ச்சல் நிலங்களில் வாழ்ந்த சிறுவர்க்காக, 1951 ஆம் ஆண்டு அலிசு இசுப்பிரிங்சு என்னும் ஊரில் அது தொடக்கம் பெற்றது. நோயாளரைக் காக்கவந்த பறக்கும் மருத்துவர் சேவையின் இருவழி வானொலியே அதன் கருவி. ஆசிரியர் பேசுவார், பிள்ளை மறுமொழி கூறும். இத்துணைத் தூரத்திற் கற்ற பிள்ளைகள் முன்னேறினர் என்பது உண்மையே. ஆயின், அதன் வெற்றிக்கு வானொலி மட்டும் காரணம் அன்று. ஒவ்வொரு பிள்ளையின் அருகிலும் தாயாரோ, அதற்கெனவே அமர்த்தப்பட்ட பெண்மணியோ, நாள்தோறும் பாடவேளையில் அமர்ந்திருந்தனர். அவர்களுக்கெனத் தனியே வழிகாட்டிக் குறிப்புகளும் அனுப்பப்பட்டன. அஃதாவது, வானொலியில் ஒலித்த ஆசிரியரின் குரல், உண்மையிற் பிள்ளையின் அருகிலிருந்த மற்றோர் ஆசிரியருக்கு உதவியாக அமைந்தது. தூரம் குறையவில்லை, அதனை ஈடுசெய்ய ஓர் அண்மை ஏற்படுத்தப்பட்டது. இவ்வுண்மையை மறந்தமையே பிற்காலத் தொலைவழிக் கல்வியின் முதற்குறை எனலாம்.

இளஞ்சிறாருக்கு இவ்வண்மை இன்றியமையாதது ஏன்? வளர்ந்தோன் எழுத்தின் வாயிலாகக் கற்கின்றான். சிறுபிள்ளையோ எழுத்தையே கற்கின்றது. முன்னவன் கருத்துகளைக் கருத்துகளால் விளங்கிக்கொள்வான். பின்னது கையாலும் கண்ணாலும் உடலசைவாலுமே விளங்கிக்கொள்ளும். ஏழு வயதளவில்தான் பிள்ளையின் சிந்தனை ஒழுங்குபட்ட தருக்க முறையைப் பற்றத் தொடங்குகின்றது என்றும், அப்பொழுதும் கண்முன்னுள்ள பொருள்களைத் துணைக்கொண்டே அது செல்கின்றது என்றும் சுவிற்சர்லாந்து உளவியலாளர் பியாசே விளக்கினார். பிள்ளை தானே செய்யக்கூடியதற்கும் பிறர் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையே உள்ள வெளியிலேதான் கற்றல் நிகழ்கின்றது என்பது இரசிய அறிஞர் வைகோட்சுக்கியின் கொள்கை. அத்துணையை வேண்டிய கணத்தில் நீட்டுதற்கும், வேண்டாத கணத்தில் விலக்குதற்கும், நீட்டுபவர் அருகில் இருத்தல் வேண்டும்.

இவ்வறிஞர்கள் கூறியதை நம் முன்னோர் வழக்கத்தாற் கண்டிருந்தனர். விசயதசமி நாளில் ஏடு தொடக்கும்போது ஆசிரியர் பிள்ளையைத் தம் மடியிலோ அருகிலோ இருத்தி, அதன் விரலைத் தம் கையாற் பிடித்து, அரிசியின்மேல் முதலெழுத்தை எழுதுவிக்கின்றார். எழுத்தின் வடிவம் கண்ணிற் படுவதற்கு முன் அதன் ஓட்டம் கைக்குத் தெரிந்துவிடுகின்றது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிப் பழகிய முறையும் இத்தகையதே. இலங்கையின் ஆரம்பக் கல்வி ஏற்பாடும் இவ்வடிப்படையை விட்டு விலகியதன்று. 1990களின் இறுதியிற் செய்யப்பட்ட சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புக் கற்றலை விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என மூவகைப்படுத்தி, தொடக்க நிலையில் விளையாட்டிற்கும் செயற்பாட்டிற்கும் கூடுதலான இடமும், எழுத்துவேலைக்குக் குறைந்த இடமும் வகுத்தது. தொலைவழிக் கல்வி வந்தபோது நிகழ்ந்தது யாதெனில், இம்மூன்றனுள் முன்னிரண்டும் மறைந்து, குறைந்த இடம் பெறவேண்டிய எழுத்துவேலை ஒன்றே எஞ்சியமையாகும். கைத்தொலைபேசியிற் படமெடுத்து அனுப்பக்கூடியது அது ஒன்றே.

அவ்வெழுத்துவேலையும் முழுமையாக நிகழ்ந்ததா என நோக்குதல் வேண்டும். ஆசிரியை வட்சப் குழுவிற் பயிற்சித்தாளை அனுப்புவார். பிள்ளை எழுதிய தாளின் படம் மாலையிலோ மறுநாளிலோ அவருக்கு மீண்டுவரும். அவர் காண்பது எழுதி முடிந்த எழுத்தை; எழுதுகின்ற கையை அன்று. 'அ' என்னும் எழுத்தை எங்கே தொடங்கி எப்பக்கமாகச் சுழித்தது, பென்சிலை எவ்வாறு பற்றியது, எந்த இடத்தில் தயங்கியது, எதனை அழித்து மீண்டும் எழுதியது என்பனவெல்லாம் அப்படத்தில் இல்லை. வகுப்பறையில் ஆசிரியை மேசைகளினூடே நடக்கும்பொழுது ஒரு கணத்திற் கண்டு திருத்தும் பிழை, தொலைவழியில் நாள்தோறும் பழகி உறுதிப்படுகின்றது. 'இளமையிற் கல்வி சிலையில் எழுத்து' என்னும் பழமொழி பிழைக்கும் பொருந்துவதே. மேலும், அத்தாளில் உள்ள கையெழுத்து பிள்ளையினதா தாயினதா என்பதும் பல வேளைகளில் ஐயத்திற்கிடமாயிருந்தது. தாயின்மேற் குற்றமில்லை. பிள்ளையின் தாள் வரவில்லை எனக் குழுவிலுள்ள அனைவரும் அறிய நேரும்பொழுது, பிள்ளையின் கையைத் தாயின் கை முந்துதல் இயல்பே.

எழுத்தின் நிலை இவ்வாறாக, ஒலியின் நிலை இதனினும் இடர்மிக்கது. தமிழிலே லகர ழகர ளகரங்களும், நகர ணகர னகரங்களும், ரகர றகரங்களும் நாவின் இடவேறுபாட்டாற் பிறப்பவை. ஆசிரியரின் வாயைப் பார்த்து, அவர் ஒலியைக் கேட்டு, தானும் ஒலித்து, திருத்தம் பெற்றுப் பிள்ளை இவற்றைக் கற்கின்றது. சிறியதொரு கருவியில் இரைச்சலோடும் இடைமுறிவோடும் வரும் ஒலியில் இந்நுண்மைகள் தேய்ந்துவிடுகின்றன. அன்றியும், ஆரம்ப வகுப்பின் பழைமையான முறை ஒன்று சேர்ந்து ஒலித்தல். முப்பது பிள்ளைகள் ஒரே குரலாகப் பாட்டையும் வாய்ப்பாட்டையும் சொல்லும்பொழுது, தெரியாத பிள்ளை தெரிந்த பிள்ளைகளின் குரலைப் பற்றிக்கொண்டு முன்செல்லும். கூச்சமுள்ள பிள்ளை கூட்டத்தின் மறைவில் வாய்திறக்கும். இணையவழி வகுப்பில் ஒவ்வொரு வீட்டின் ஒலியும் வெவ்வேறு கணத்திற் சென்றடைவதால் சேர்ந்து ஒலித்தல் இயலாது. முயன்றால் விளைவது குழப்பமே. ஆதலால் எல்லாப் பிள்ளைகளின் ஒலியும் அடைக்கப்பட்டு, ஒருவர் மாறி ஒருவர் பேசுமாறு செய்யப்பட்டது. முப்பது பேரில் ஒருவராகத் தன் முறைக்குக் காத்திருப்பது ஆறு வயதுப் பிள்ளையின் இயல்புக்கு ஒத்ததன்று. அதன் முறை வருமுன் அது எழுந்து போய்விடும். அன்றேல் இருந்தும் இல்லாததாகிவிடும்.

பார்வையைப் பற்றியும் சிறிது கூறுதல் தகும். கணினியில் முகங்காட்டும் திரை ஓரிடத்திலும், முகத்தைப் பற்றும் ஒளிப்படக் கண் வேறோரிடத்திலும் அமைந்துள்ளன. ஆகவே ஆசிரியை பிள்ளையின் முகத்தைப் பார்த்தால், பிள்ளைக்கு அவர் கீழ்நோக்குவது போலத் தோன்றும். ஒளிப்படக் கண்ணைப் பார்த்தாற் பிள்ளையின் முகத்தை அவர் காணமாட்டார். ஒரு பிள்ளையை மட்டும் நோக்கிப் புன்னகை செய்தலும், பேச்சை நிறுத்தாமலே ஒரு பார்வையால் மற்றொரு பிள்ளையை அடக்குதலும் அங்கே இயலா. ஆயினும் ஆரம்ப வகுப்பின் ஒழுங்கும் ஊக்கமும் பெரும்பாலும் இத்தகைய பார்வைகளாலேயே நடைபெறுகின்றன.

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நல்லாசிரியன் பாடம் சொல்லும் முறையைக் கூறுமிடத்து, கேட்பவன் எவ்வாறு ஏற்றுக்கொள்கின்றான் என்பதை அறிந்து, அவன் உள்ளம் கொள்ளுமாறு கொடுத்தல் வேண்டும் என வரையறுக்கின்றார். மாணாக்கன் ஆசிரியனிடத்து ஒழுகும் முறையைக் கூறுமிடத்தோ, தீக்காய்வானைப் போல மிக நெருங்காமலும் மிக விலகாமலும் இருத்தல் வேண்டும் என்கின்றார். பணிவைக் கருதிச் சொல்லப்பட்ட இவ்வுவமையில் வேறோர் உண்மையும் அடங்கியுள்ளது. தீயின் வெம்மை ஓரளவு தூரத்திற்கே எட்டும். அத்தூரத்தைக் கடந்து நிற்பவனுக்கு ஒளி தெரியலாம்; குளிர் நீங்காது. தொலைவழிக் கல்வியில் இளஞ்சிறார்க்கு நேர்ந்ததும் இதுவே.

இக்கூற்றிற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் பற்றிசியா கூல் என்பாரும் அவர்தம் குழுவினரும் 2003 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், ஆங்கிலம் பேசும் வீடுகளிலுள்ள ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருக்குச் சீன மொழி பேசுவோர் பன்னிரண்டு முறை நேரில் வந்து விளையாட்டுக் காட்டிப் பேசினர். வேறு சில குழந்தைகளுக்கு அதே பேச்சு ஒளிப்பதிவாகக் காட்டப்பட்டது. நேரிற் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளை வேறுபிரித்தறியக் கற்றன. ஒளிப்பதிவிற் கண்டவை கற்கவில்லை. கைக்குழந்தைகளைப் பற்றிய இம்முடிவை ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்துதல் பிழையாகும். ஆயினும், வயது குறையக் குறைய மனிதரின் நேர்முகமே கற்றலின் வாயிலாகின்றது என்பதை அது புலப்படுத்துகின்றது.

இனி, இலங்கை வீடுகளின் நிலையை நோக்குவாம். தொற்றுக்கு முந்திய 2019 ஆம் ஆண்டிலே கணினி வைத்திருந்த குடும்பங்கள் நாட்டில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. தோட்டப்புறங்களில் அவ்வளவு இன்னும் மிகக் குறைவு. ஆகவே கைத்தொலைபேசியே பெரும்பாலார்க்கு வகுப்பறையாயிற்று. வீட்டில் உள்ளது ஒன்று, பிள்ளைகள் மூவர். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மூத்த பிள்ளைக்கு முதலிடம். புலமைப்பரிசிற் பரீட்சைக்குரிய நடுப்பிள்ளைக்கு அடுத்த இடம். பரீட்சை எதுவுமில்லாத முதலாந்தரப் பிள்ளைக்கு எஞ்சிய நேரமே கிடைத்தது. தந்தையார் தொலைபேசியை வேலைக்கு எடுத்துச்செல்லும் வீடுகளில் இரவு உணவின் பின்னரே பாடம் திறக்கப்பட்டது. அலைத்தொடர்பு கிட்டாத ஊர்களின் நிலை வேறு. ஊவா மாகாணக் கிராமமொன்றின் பிள்ளைகள் காட்டுவழியே நடந்து பாறை உச்சியில் ஏறித் தொடர்பு பெற்ற செய்தி 2021 ஆம் ஆண்டில் உலகச் செய்தித்தாள்களில் வெளியாயிற்று. பெரிய பிள்ளைகள் பாறையேறினர். சிறியவர்களைப் பெற்றோர் உடன் அழைத்துச்செல்ல வேண்டியிருந்தது. தன் தாய்மொழியின் எழுத்துகளையே இன்னும் அறியாத பிள்ளை, ஆங்கிலக் குறிகள் நிறைந்த திரையைத் தானே இயக்கி வகுப்பினுள் நுழைதல் எங்ஙனம்? எனவே, தாய்க்கு நேரமும் எழுத்தறிவும் உள்ள வீட்டிலே கல்வி ஓரளவு நிகழ்ந்தது. அவை இல்லாத வீட்டில் நிகழவில்லை.

இவற்றைக் கண்டோர் சிலர், ஒவ்வொரு பிள்ளைக்கும் கணினியும் தடையற்ற இணைப்பும் வழங்கிவிட்டாற் குறை தீரும் எனக் கருதுகின்றனர். வறிய பிள்ளைக்குக் கருவி வேண்டும் என்பதில் இருகருத்து இல்லை. ஆயின் அது மட்டும் போதாது என்பதற்கு நெதர்லாந்து நாடு சான்றாகின்றது. உலகில் இணைய வசதி மிக்க நாடுகளுள் அதுவும் ஒன்று. அங்கே 2020 ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடப்பட்டிருந்தது எட்டு வாரமே. அந்நாட்டில் மூடலுக்கு முன்னும் பின்னும் நடைபெற்ற பொதுச் சோதனைகளை ஒப்பிட்டு 2021 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, எட்டு முதற் பதினொரு வயது வரையான பிள்ளைகள் ஓராண்டுக் கல்வியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினை இழந்தனர் எனக் காட்டியது. எட்டு வாரமும் பள்ளியாண்டில் ஏறத்தாழ அவ்வளவே. அஃதாவது, வசதிகள் நிறைந்த வீடுகளில் இருந்தும் அப்பிள்ளைகள் அக்காலத்திற் பெற்றது மிகச் சொற்பமே. பெற்றோரின் கல்வி குறைந்த வீடுகளில் இவ்விழப்பு 60 வீதம்வரை மிகுந்திருந்தது. கருவி உள்ள இடத்தும் குறை நின்றது; அருகிருந்து உதவுவோர் இல்லாத இடத்து அது பெருகியது. எனவே குறையின் வேர் கருவியில் மட்டும் இல்லை என்பது தெளிவு.

இதனால் இணையவழிக் கல்வி முற்றும் பயனற்றது என முடிவுகட்டுதல் நேர்மையாகாது. தனிமையுற்ற பிள்ளைக்குத் தன் ஆசிரியையின் குரல் ஓர் ஆறுதலாயிற்று. பாடசாலை இன்னும் தன்னை மறக்கவில்லை என்னும் உணர்வை அது காத்தது. வாசிக்கக் கற்றுவிட்ட மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு அது அறிவையும் கொடுத்தது. வெள்ளம், சூறாவளி, நோய் என்பன மீண்டும் வருதல்கூடும் ஆதலின், கைவிடுதலன்று, எல்லையறிந்து கையாளுதலே அறிவுடைமை. தரம் மூன்று வரையுள்ள பிள்ளைகளுக்கு முப்பது பேர் கூடும் நீண்ட வகுப்பினும், நான்கைந்து பேராகவோ தனித்தோ பத்து நிமிடம் பேசும் அழைப்பு சிறந்தது. பயிற்சித்தாளைப் பிள்ளைக்கு அனுப்புவதினும், செய்யவேண்டியதைத் தாய்க்கு எளிய சொற்களில் விளக்குதல் பயன்மிக்கது. புளியங்கொட்டையால் எண்ணுதல், அரிசி புடைக்கும் சுளகில் எழுத்தெழுதுதல், முற்றத்து இலைகளை வகைப்படுத்துதல் போன்ற செயல்களுக்குக் கருவியும் வேண்டா, கட்டணமும் வேண்டா. எழுத்தறியாத தாயும் கதை சொல்லவும் கேள்வி கேட்கவும் வல்லவள் என்பதை அவளுக்கு உணர்த்துதலும் ஆசிரியரின் கடமையே. அலைத்தொடர்பற்ற ஊர்களில், அச்சிட்ட தாள்களோடு ஆசிரியர் வாரம் ஒருமுறை பொதுவிடமொன்றிற் சிறு குழுவினரைச் சந்தித்தல், நாள்தோறும் நடைபெறும் இணைய வகுப்பினும் மேலானது.

இவற்றினும் உடனடியான கடமை ஒன்று உண்டு. 2020 ஆம், 2021 ஆம் ஆண்டுகளில் எழுத்தறிய வேண்டிய பருவத்தில் இருந்த பிள்ளைகள் இப்பொழுது இடைநிலை வகுப்புகளை எய்தியுள்ளனர். வகுப்பேற்றம் ஆண்டுதோறும் தவறாது நிகழ்ந்தது. ஆயின் விடுபட்ட படி விடுபட்டவாறே நின்றது. இடைநிலை வகுப்பாசிரியர் தம் பாடநூலைத் திறக்கும்பொழுது, எதிரேயுள்ள மாணவன் கூட்டெழுத்துகளைத் தட்டித்தடவி வாசிப்பதைக் காண்கின்றார். கழித்தலிற் கடன்வாங்கத் தயங்குவதைக் காண்கின்றார். அவனைச் சோம்பேறி என்றோ மந்தமதியினன் என்றோ பெயரிடுதல் எளிது. அவ்வாறு பெயரிடப்பட்ட பிள்ளை அப்பெயரையே நம்பிவிடும். பென்சில் பிடிக்கும் கையை எவரும் பிடித்துத் திருத்தாத ஒரு காலத்தைக் கடந்து வந்தவன் அவன் என்பதை நினைவிற் கொண்டால், ஆசிரியரின் வினா வேறாகும். 'இவனுக்கு ஏன் தெரியவில்லை' என்பது மாறி, 'இவன் எந்தப் படியில் தனித்து விடப்பட்டான்' என்பதாகும். அப்படியைக் கண்டறிந்து அங்கிருந்து தொடங்குதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. பாடசாலை முடிந்தபின் அரைமணி நேரமும், இரண்டாந்தர வாசிப்பு நூல் ஒன்றும், அதனைப் பிறர் நகையாடாதவாறு காக்கும் கனிவும் போதும்.

தொலைவு கல்விக்குப் பகையன்று. வளர்ந்தோர் பலரை அது வாழ்வித்துள்ளது. ஆயின் தொலைவிலிருந்து கற்பதற்குரிய ஆற்றலையும் ஒருவன் அண்மையிலேயே பெறுதல் வேண்டும். வெளிவாரியாகப் பட்டம் பெற்ற பெரியோர் ஒவ்வொருவரும், தம் ஐந்தாம் வயதில், ஓர் ஆசிரியரின் கைப்பிடியில் விரலை வைத்து முதலெழுத்தை எழுதியவர்களே. அக்கைப்பிடியை இழந்த பிள்ளைகளுக்கு அதனை இன்றேனும் நீட்டுதல் கல்விக்கூடங்களின் நீங்காக் கடன்.